வெறும் கயிற்றோடு நின்ற கிழவி – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் வெளிவந்த உங்கள் சிறுகதையை இரண்டு முறை வாசித்தேன். எல்லையில் முகாமிட்டிருக்கும் தமிழ் கேப்டன், பதுங்குகுழிக்குச் சற்று முன்னால் விடியற்காலைப் பனியில் ஒரு கிழவி வெறும் கயிற்றைப் பிடித்தபடி நிற்பதைப் பார்க்கிறார். அவள் யார், எதற்கு வந்தாள் என்பதைக் கதை கடைசிவரை சொல்லவில்லை. என் அப்பா இராணுவத்தில் இருந்தவர். போர் மூண்டால் ஊர்களைக் காலிசெய்துவிடுவார்கள், முன்னணியில் பொதுமக்களுக்கு வேலையே இல்லை என்கிறார். இரவுக் காவலைத் தாண்டி ஒரு கிழவி எப்படி அவ்வளவு தூரம் வர முடியும் என்றும் கேட்டார். அவள் உளவாளி என்றாவது சொல்லியிருந்தால் கதை நம்பும்படி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ம., தக்கலை

அன்புள்ள ம.,

முதலில் காவல் விஷயம். உங்கள் அப்பா சொல்வது சரி. காவலாள் இல்லாத முகாம் கிடையாது. கிழவியை யாரும் அதட்டி நிறுத்தவில்லை என்பது என் பிழை. தொகுப்பில் திருத்திவிடுகிறேன்.

ஆனால் போர்முனையில் பொதுமக்களுக்கு வேலை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தக் கதையே ஒரு வேலையிலிருந்து பிறந்ததுதான்.

என் பெரியப்பா பீரங்கிப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் குமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளத்தார் இருந்தாலும் போரைப் பற்றி அவர்கள் வாய் திறப்பது அரிது. பெரியப்பாவும் அப்படித்தான். இந்த ஒன்றை மட்டும் மூன்று நான்கு முறை சொல்லியிருக்கிறார்.

1971 டிசம்பர், பஞ்சாப் எல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களைக் காலிசெய்யச் சொல்லியாகிவிட்டது. எங்கும் விளக்கு ஏற்றக் கூடாது; பீடியைக்கூட உள்ளங்கையைக் குவித்துத்தான் பிடிக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி, பீரங்கிகளை மறைத்து நிறுத்தியிருந்த தோப்புக்கு வலப்பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. தரையை ஒட்டியே நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பீரங்கி இருக்கும் இடத்தை யாரோ எதிரிக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று இளம் அதிகாரி முடிவுசெய்துவிட்டார். சுடச் சொல்ல வாய் எடுத்தவரிடம் பெரியப்பா ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரோடு தவழ்ந்து போனார்.

அங்கே இருந்தது ஒரு சீக்கியப் பெரியவர். அறுபது வயது இருக்கும். அரிக்கேன் விளக்கின் மூன்று பக்கமும் சாக்குத்துணி சுற்றியிருந்தார். முழங்கால்வரை சேறு. மண்வெட்டியால் வாய்க்கால் கரையை வெட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கியை நீட்டியதும் கைகளைத் தூக்கினார். ஆனால் கண் மட்டும் மடையை விட்டு அகலவில்லையாம். பாதி வெட்டிய கரை உடைத்துக்கொண்டு போய்விடுமோ என்று.

பெரியப்பாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அங்கே கால்வாய்த் தண்ணீர் முறை வைத்து வரும். வாரத்துக்கு ஒரு தடவை, நிலத்தின் அளவுக்கு ஏற்ப இத்தனை நேரம் என்று கணக்கு. பகலில் வந்தாலும் இரவில் வந்தாலும் உன் முறை உன் முறைதான். விட்டால் அடுத்த வாரம். கோதுமைக்கு விதைத்து மூன்று வாரத்தில் முதல் தண்ணீர் காட்டாவிட்டால் தூர் கட்டாது. ஊரைக் காலிசெய்து போன அந்த மனிதர் தன் முறைக்காகத் திரும்பி வந்திருந்தார். பெரியப்பா நாஞ்சில்நாட்டு விவசாயி மகன். கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் பருவத்தில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருடங்களில் என் தாத்தா இதேபோல விளக்கும் மண்வெட்டியுமாக இரவெல்லாம் வாய்க்காலில் கிடந்தவர். அதனால்தான் பெரியப்பாவுக்கு அந்த வெளிச்சத்தின் நடை பழகிய நடையாகத் தெரிந்தது. அதிகாரி நகரத்தில் வளர்ந்தவர். கெட்டவர் இல்லை. இரவில் வயலில் ஊரும் ஒரு விளக்குக்கு அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

விளக்கை அணைக்கச் சொன்னார்கள். பெரியவர் இருட்டிலேயே தடவித் தடவி மடையை அடைத்து முடிக்கும்வரை பெரியப்பா பக்கத்தில் நின்றிருக்கிறார்.

இந்த ஐயம் எல்லாப் போரிலும் உண்டு. முதல் உலகப்போரில், 1914இல் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் வெள்ளைக் குதிரை கட்டி உழுத விவசாயி எதிரிக்குச் சைகை காட்டுகிறான் என்றார்கள். காற்றாலை சுழன்றால் சைகை, கொடியில் துணி காய்ந்தால் சைகை, தேவாலயக் கடிகார முள் நகர்ந்தால்கூடச் சைகை. அதே முன்னணிக்கு மிக அருகே ஆர்மெந்தியேர் என்ற ஊரில் போரின் பெரும்பகுதிக்கும் மக்கள் இருந்தார்கள். சிப்பாய்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தும் காப்பி விற்றும் பிழைத்தார்கள். வீடு அங்கே இருந்தது, போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

நம் குளச்சலிலேயே இதற்கு மறுபக்கம் ஒரு கதை உண்டு. 1741இல் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையோடு மோதியபோது, மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாகக் கரையில் நின்றதாகவும், தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது துப்பாக்கிப் படையாகத் தெரிந்ததாகவும் கரையில் சொல்வார்கள். வரலாறா, வாய்மொழியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சொன்னவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கிறது: ஆயுதத்தோடு நிற்பவன் எதைக் கண்டாலும் ஆயுதமாகவே பார்ப்பான். அந்தப் போரில் சரணடைந்த டச்சுத் தளபதி டிலனாய் பிறகு நம் மன்னரின் படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். தக்கலையிலிருந்து உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

இனிச் சொல்வதைச் சொல்ல எனக்குக் கை நடுங்குகிறது. 1950 ஜூலை கடைசியில், தென்கொரியாவில் நோகன்ரி என்ற இடத்தில் ரயில் பாலத்தின் அடியிலும் சுற்றிலும் இருந்த அகதிகளை அமெரிக்கப் படை சுட்டுக் கொன்றது. வெள்ளை உடை அணிந்த கிராம மக்கள். அது அவர்களுடைய வழக்கமான உடை. வடகொரியச் சிப்பாய்கள் இதே உடையில் கூட்டத்தோடு கலந்து வருகிறார்கள் என்று அதிகாரிகள் அஞ்சியிருந்தார்கள். இத்தனை பேர் ஏன் முன்னணியை நோக்கி வருகிறார்கள் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. ம., இந்த இடத்தில் நின்று வாசியுங்கள்: அந்த மக்களில் பலரை முந்தைய நாள் வீட்டிலிருந்து கிளப்பித் தெற்கே நடக்கச் சொன்னதே அமெரிக்கச் சிப்பாய்கள்தான். தென்கொரிய அரசு 2005இல் உறுதிசெய்தபடி இறந்தோரும் காணாமற்போனோரும் 163 பேர். ஒருவரிடமாவது போய், “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டிருந்தால் போதும். காலிசெய்துவிடுவார்கள் என்று உங்கள் அப்பா சொன்னது உண்மை. காலிசெய்யப்பட்டவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதும் அந்த உண்மையின் பகுதி.

1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையில் 50ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் பொதுமகனா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் அவரைப் பொதுமகனாகவே கொள்ள வேண்டும் என்கிறது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. அது எனக்கு வருத்தம். பெரியப்பா அதைப் படித்தவர் இல்லை. அவர் கேட்டு வாங்கிய ஐந்து நிமிடம் அந்தப் பிரிவின் பொருள் என்றே நினைக்கிறேன்.

போர் என்று அறிவிக்கப்பட வேண்டிய அவசியமும் இல்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் செயின்ட் ஆண்டனி என்ற படகின் மீது, என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படையினர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் மாவட்டத்துப் பையன். கடற்கொள்ளையர் என்று எண்ணினோம் என்றார்கள். கொள்ளையர் திரியும் கடல் என்று குறித்துக்கொண்டு வந்தவர்களுக்கு, அதே கடல் இவர்களுடைய தொழிலிடம் என்பது தெரியவில்லை. பிறகு 10 கோடி ரூபாய் இழப்பீடு பெறப்பட்டு, 2021இல் இங்கே வழக்கு முடித்துவைக்கப்பட்டது. நம் கடற்கரை ஊர்களில் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பணத்தைப் பற்றி முதலில் பேசமாட்டார்கள். “மீன்பிடிக்கிற படகைப் பார்த்தால் தெரியாதா?” என்றுதான் தொடங்குவார்கள்.

உளவாளி என்றாவது சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1999 மே மாதத் தொடக்கத்தில் கார்கில் மலையில் தாஷி நம்கியால் காணாமற்போன தன் யாக் மாட்டைத் தேடிப் போனார். தொலைநோக்கியில் மாட்டைத் தேடியவர் கண்ணில் பதுங்கியிருந்த ஆட்கள் பட்டார்கள். ஊடுருவலைப் பற்றி இராணுவத்துக்கு முதலில் தகவல் சொன்னவர்களில் அவர் ஒருவர். மாடு தொலைந்ததால் மலைக்குப் போன ஒரு மேய்ப்பர். நம் பக்கம் நின்றதால் அவரை மேய்ப்பர் என்கிறோம். எதிர்ப்பக்கம் அதே காரியத்துக்காக நின்றிருந்தால் நம் ஆட்களும் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள்.

என் கேப்டனுக்குத் தெரியாததை நான் வாசகருக்குச் சொல்ல விரும்பவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நீங்களும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், விரல் விசையில் இருக்க வேண்டும், காரணம் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் சொல்லாமல் விட்டேன். தொகுப்பிலும் சேர்க்க மாட்டேன். உங்கள் அப்பா கேட்டதால் இங்கே சொல்கிறேன். ஊரைக் காலிசெய்த அன்று, மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய மாடு நிறைசினை. எந்தப் பக்கம் போய் ஈன்றதோ என்று மூன்று நாளாகத் தேடுகிறாள். கயிறு, கிடைத்தால் கட்டி அழைத்துப் போவதற்கு.

அன்புடன்.