லேசர் ஸ்கேனர் காட்டும் அளவை நம்பலாமா?

லேசர் கதிரை வீசி, எதிரே உள்ளவற்றைப் புள்ளிகளாக அளந்து பதியும் பழைய ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். சுவரை ஸ்கேன் செய்தால் புள்ளிகள் எல்லாம் 2 மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடங்கிவிடுகின்றன. துல்லியமான கருவிதானே? (பாளையங்கோட்டை)

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்தது புள்ளிகளின் சிதறலை. முள் ஆடாமல் நிற்கும் தராசிலும் படிக்கல் தேய்ந்திருந்தால் எடை தப்பும். அதுபோல, சிதறல் குறைவாக இருந்தும் சுவர் முழுவதுமே 5 மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கலாம். திரையில் அது தெரியாது. கோணப் பிழையும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். கோணத்தில் 10 விநாடி (ஒரு விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) பிசகினால், 50 மீட்டர் தூரத்தில் புள்ளி ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும்.

வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் இங்கேயே சோதிக்க வழி உண்டா? எங்களிடம் இதைவிட உயர்ந்த கருவி எதுவும் இல்லை. (வள்ளியூர்)

உண்டு. 2018-இல் வெளியான ஐஎஸ்ஓ 17123-9 என்ற சர்வதேசத் தரநிலை களத்திலேயே செய்யும் சோதனைக்காக எழுதப்பட்டதுதான். சில டார்கெட்களை, அதாவது குறிபார்க்க வைக்கும் அடையாளங்களை, அசையாமல் நிறுத்தி, இரண்டு இடங்களிலிருந்து ஸ்கேன் செய்து, டார்கெட்களுக்கு இடையிலான தூரங்கள் இரண்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே அதன் அடிப்படை. கருவியை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

கல்லூரி மைதானத்தில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு டார்கெட்களை நிறுத்துங்கள். முதலில் இரண்டுக்கும் நடுவில் நின்று ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அதே நேர்கோட்டில் ஒரு டார்கெட்டுக்கு அப்பால் போய், முன்னது பின்னதை மறைக்காதபடி சற்றே விலகி நின்று செய்யுங்கள். கருவி ஒவ்வொரு தூரத்தையும் 2 மில்லிமீட்டர் கூட்டிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்கும்போது இரு பக்கப் பிழையும் சேர்ந்து இடைவெளி 4 மில்லிமீட்டர் அதிகமாக வரும். வெளியே நிற்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதால் பிழை அடிபட்டுப் போகும். இரண்டு விடைகளின் வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் கருவியின் பிழை. எவ்வளவு அழகான முறை பாருங்கள்! உண்மையான தூரம் எவ்வளவு என்று தெரியாமலேயே பிழை பிடிபடுகிறது.

கோணத்துக்கு இன்னொரு சோதனை. ஒரே டார்கெட்டை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, ஸ்கேனரின் தலையை 180 பாகை திருப்பி, கதிரை வீசும் சுழல் கண்ணாடியின் மறுபக்கச் சுற்றில் மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். அச்சுக் கோளாறுகள் பல இதில் இரட்டிப்பாகித் தெரியும். மாடி உயரத்தில் ஒரு டார்கெட் கட்டாயம் வையுங்கள். கண் மட்டத்தில் மட்டும் வைத்தால் சில கோளாறுகள் தப்பிவிடும்.

டோட்டல் ஸ்டேஷனுக்கு (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) ஒட்டும் மின்னும் ஸ்டிக்கரையே டார்கெட்டாக வைக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

வேண்டாம். திரும்பி வரும் ஒளி மிகையாகித் தூரத்தைக் கெடுத்துவிடும். மினுமினுப்பில்லாத கறுப்பு வெள்ளைக் கட்டமோ உருண்டையோ வையுங்கள்.

கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் போன்றவற்றை ஸ்கேன் செய்ய ஆசை. எண்ணெய் ஏறிக் கறுத்த கல்லில் அளவு சரியாக வருமா? (திருநெல்வேலி)

உங்கள் ஐயம் நியாயமானது. கறுத்த கல்லிலிருந்து ஒளி குறைவாகவே திரும்பும், அதனால் சிதறல் கூடும். வழவழப்பான இடத்தில் ஒளி வேறு பக்கம் தெறித்துவிடும். விரல் நுனி, அணிகலன் விளிம்பு போன்ற இடங்களில் ஒரே கதிர் பாதி சிற்பத்திலும் பாதி பின்சுவரிலும் பட்டு, இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் புள்ளிகளைப் போடும். விவரத்தாளில் அச்சிட்ட துல்லியம் இவற்றுக்குப் பொருந்தாது.

அதே மாதிரியான தளக்கல் துண்டு ஒன்றை வெளியே வாங்கி, எண்ணெய் தடவிக் காயவிட்டு, பாதிப் பரப்பில் மெல்லிய வெள்ளைத்தாளை ஒட்டி ஸ்கேன் செய்யுங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். திரையில் 2 மில்லிமீட்டர் படி தெரிந்தால் அது கல் செய்யும் பிழை. சிற்பத்தின் மேல் மாவோ ஸ்பிரேயோ ஒருபோதும் பூசாதீர்கள்.

ராதாபுரம் பக்கம் காற்றாலைக் கோபுரம் ஒன்றை நண்பகலில் ஸ்கேன் செய்தோம். காலையில் எடுத்ததோடு ஒத்துவரவில்லை. கருவி பழுதா? (பணகுடி)

கருவியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் மாறினால், திருத்தம் செய்யாத நிலையில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும். அதைவிடப் பெரிது, வெயில் படும் பக்கம் இரும்பு விரிந்து கோபுரமே வளைவது. தரையிலிருந்து எழும் கானல் கதிரை அலைக்கழிக்கும். ஆடிக் காற்றில், ஸ்கேன் முடிவதற்குள் கோபுரம் பலமுறை ஆடியிருக்கும். காற்று ஓய்ந்த மாதத்தில், வெயில் ஏறுமுன், கருவியை அரை மணி நேரம் முன்பே இயக்கி வைத்துவிட்டு எடுங்கள். தூரத்தில் அசையாத கட்டடம் ஒன்றில் இரண்டு டார்கெட்களை ஒட்டி, காலையிலும் நண்பகலிலும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அவற்றின் இடைவெளி மாறாமல் கோபுரம் மட்டும் மாறினால், பழுது கருவியில் இருக்க வாய்ப்புக் குறைவு.