கேற் பட்டறையை விட்டு சீனக்குடாப் பக்கம் கம்பனி வேலைக்குப் போகலாமா?

கேள்வி இதுதான்: வயது 33, திருகோணமலை டவுனில் கேற், கிறில் செய்யும் பட்டறையில் வேலை. சீனக்குடாப் பக்கம் ஒரு கம்பனியில் வெல்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் கூட, ஆனால் சிப்ட். மனைவி ஆஸ்பத்திரியில் தாதி, அவருக்கும் சிப்ட். இரண்டு சின்னப் பிள்ளைகள். மாறலாமா, வீட்டை எப்படிச் சமாளிப்பது?

தம்பி, மாறலாம். ஆனால் அவர்கள் வாயால் சொன்ன தொகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.ரி. (மேலதிக நேர வேலைக்கான காசு) எவ்வளவு என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். நானும் பாலையூற்றில் ஒரு பட்டறையில் கேற் அடித்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பக்கம் போனவன்தான். ஆள் எடுக்கும்போது "மாதம் இவ்வளவு கைக்கு வரும்" என்பார்கள். அந்தக் கணக்குக்குள் ஓ.ரி. சேர்ந்தே இருக்கும். ஒன்றரை மடங்கு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிவருகிற நேரம், மனைவி இரவு வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். இரண்டு பேருக்கும் சிப்ட் உள்ள வீட்டில் அந்த மணித்தியாலங்களைக் கொடுக்க உங்களிடம் மிச்சம் இருக்காது. ஓ.ரி.யைக் கழித்துவிட்டு வருகிற தொகையை இப்போதைய வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். அப்போதும் கூட என்றால் தாராளமாகப் போங்கள். ஊழியர் சேமலாப நிதியும் ஓ.ரி.யைச் சேர்க்காமல்தான் கணக்கிடப்படும். உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் கட்டும் 3 வீதம். அடிப்படைச் சம்பளம் சின்னதென்றால் இவையும் சின்னதுதான்.

பட்டறை வருமானத்தையும் ஒளிக்காமல் கணக்குப் பாருங்கள். நம்முடைய ஊரில் கார்த்திகை, மார்கழி மழைக்கு வெளியே போய்ப் பொருத்தும் வேலை படுத்துவிடும். பங்குனி, சித்திரையில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர் எல்லாரும் சீசனுக்கு முதல் முடித்துத் தா என்று ஒன்றாக வந்து நெருக்குவார்கள். நல்ல மாதத்தை நினைத்தால் கம்பனிச் சம்பளம் குறைவாகத் தெரியும், மழை மாதத்தை நினைத்தால் பெரிதாகத் தெரியும். ஒரு வருட வரவை மொத்தமாகக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தால்தான் சரியான தொகை வரும்.

அடுத்தது சிப்ட். எத்தனை மணிக்கு என்பதை விட, அது எப்போது மாறும், எத்தனை நாளைக்கு முதல் சொல்வார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. மனைவியின் ரோஸ்டர் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். உங்களுடையதும் அப்படி வந்தால் இரண்டையும் ஒரே கலண்டரில் எழுதி, இருவரும் வீட்டில் இல்லாத இரவுகளை வட்டம் போடுங்கள். அந்த இரவுகளுக்கு அம்மாவோ மாமியோ வந்து நிற்க முடியுமா? முடியாதென்றால் அதை நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு சொன்னால் சாட்டுச் சொல்கிறான் என்பார்கள். முதலிலேயே சொன்னால் பெரும்பாலும் ஏதாவது ஒழுங்கு செய்து தருவார்கள். வேலை தெரிந்த வெல்டர் லேசில் கிடைக்கமாட்டான் என்று அவர்களுக்கும் தெரியும்.

திருமலையில் இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே பிரிவில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இருப்பார்கள். பொங்கலுக்கு உங்கள் சிப்டைக் கிண்ணியாக்காரர் பார்ப்பார், பெருநாளுக்கு நீங்கள் அவருடையதைப் பார்ப்பீர்கள், வெசாக்குக்குக் கந்தளாய்க்காரர் வீட்டுக்குப் போவார். மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டு மாற்றினால் யாருக்கும் பிரச்சினை இல்லை. பட்டறையில் நீங்கள் ஒருவர்தான், மாற்றிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

இரவுச் சிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவதுதான் கஷ்டம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே காலை பத்து மணிக்குப் பிறகு கண்மூட முடியாது. முதல் சம்பளத்தில் போன் வாங்காமல் ஒரு அறைக்காவது சீலிங் அடியுங்கள், யன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கள். தூக்கம் இல்லாமல் கிரைண்டர் பிடிப்பதற்கு நான் எதிரி. வட்டு உடைந்து பறந்தால் முகம்தான் முதலில்.

சட்-டவுன் பற்றியும் கேளுங்கள். பெரிய ஆலைகளில் இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற நாட்கள் என்று ஒன்று வரும். அப்போது வெல்டருக்கு வீடு கிடையாது. எந்த மாதம் வரும் என்று தெரிந்தால் மனைவி அந்த நாட்களுக்கு லீவைச் சேர்த்து வைக்கலாம்.

இனி கைவேலைக்கு வருவோம். இதைத்தான் பட்டறையில் இருந்து போகிறவர்கள் லேசாக எடுக்கிறார்கள். நாம் பொக்ஸ் பாரில் (சதுரக் குழாயில்) 6013 ராட்டை, அதாவது சாதாரண வெல்டிங் குச்சியை வைத்து ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, பிறகு கிரைண்டர் போட்டு மழித்து, பெயின்ற் அடித்து அனுப்பிவிடுவோம். கம்பனியில் ஆள் எடுக்கும் சோதனையில் பெரும்பாலும் தடித்த இரண்டு தகடுகளை இடைவெளி விட்டு நிமிர்த்தி வைத்து, 7018 என்ற வேறு வகை ராட்டால் கீழே இருந்து மேலே ஒட்டச் சொல்வார்கள். முடிந்ததும் வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும், அடியில் உருகிச் சேராமல் விட்டிருந்தால் வளைக்கும்போது வாயைத் திறந்துவிடும். வெட்டுத் துண்டுகளை வாங்கி வேலை முடிந்த பிறகு பழகுங்கள். கரண்டைக் குறைத்து, இரண்டு கரையிலும் ஒரு கணம் நின்று, நடுவை விரைவாகக் கடக்கவேண்டும். ராட்டைத் தூக்கி ஆர்க்கை நீட்டாதீர்கள், 7018க்கு அது பிடிக்காது. ஈரமும் ஆகாது. மாரி காலத்தில் 6013ஐ வெயிலில் காயவைத்து ஒப்பேற்றுகிறோமே, அந்த வித்தை இதற்குச் சரிவராது. ஈரம் பட்ட 7018ஐ 300 பாகை செல்சியசுக்கு மேல் ராட் சுடும் அடுப்பில் சுட்டுத்தான் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒட்டில் ஓட்டை விழும், பிறகு ஒட்டு வெடிப்பு விடவும் கூடும்.

கையில் சான்றிதழ் இல்லையென்றால் நைட்டா (அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனம்) மூலம் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுக்கலாம். வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை, செய்த வேலைகளின் படங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். பிறகு எப்போதாவது வெளிநாட்டு யோசனை வந்தாலும் உதவும்.

வேலையை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது உடுப்புத்தான். ஓவரோலை அங்கேயே கழற்றுங்கள், வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கவேண்டாம். இரும்புத் தூள் நிற்கும். ஜி.ஐ. குழாயை ஒட்டும்போது வெள்ளைப் புகை வரும், அது குழாயில் பூசியிருக்கும் நாகம் (சிங்க்). இழுத்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும், பிள்ளையிடம் தொற்றிய காய்ச்சல் என்று நினைப்பீர்கள். ஒட்டும் இடத்தில் பூச்சை உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தாலும் இப்படித்தான், பகலில் ஒன்றும் தெரியாது, நடு இரவில் கண்ணுக்குள் மண் கொட்டியது போல எழுப்பும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்று ஊரே வைத்தியம் சொல்லும். உங்கள் வீட்டிலேயே தாதி இருக்கிறார், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பின்னேரத் தனி வேலைகளை முதல் ஆறு மாதமாவது தொடாதீர்கள். பழைய வாடிக்கையாளர்கள் "ஒரு சின்ன கிறில்தானே" என்று வருவார்கள். சின்ன கிறில் என்று ஒன்று கிடையாது.

கடைசியாக, விலகுவது. பட்டறையில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்து, நீங்கள் ஐந்து வருடம் முடித்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரர் என்றால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். ஐந்து வருடத்துக்குக் கொஞ்ச நாள்தான் குறைகிறதென்றால் பொறுத்துப் போங்கள். சின்னப் பட்டறை என்றால் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் சேமலாப நிதி ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்டவேண்டும். கட்டியிருக்கிறார்களா என்று விலகுவதற்கு முன்னே பாருங்கள், பிறகு முதலாளி போன் எடுக்கமாட்டார். நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை பட்டறையில் வாய் திறக்கவேண்டாம். வந்த பிறகு, சித்திரைக்கு முந்திய நெருக்கடியில் விட்டுவிட்டு ஓடாமல், கையில் எடுத்த கேற்றுகளை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். கம்பனியில் சேரும் திகதியை இரண்டு கிழமை தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.