உபுண்டு 20.04: அப்கிரேடா, புது இன்ஸ்டாலா?

கேள்வி: வீட்டு மேசைக்கணினியில் உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பு ஓடுகிறது. 24.04க்கு மாற வேண்டும். அப்கிரேட் கொடுத்தால் போதும் என்கிறான் மகன். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்கிறார் நண்பர். மெய்ப்புத் திருத்தும் வேலை முழுக்க இதில்தான். நாலைந்து பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியிலிருந்து மென்பொருள் தரும் களஞ்சியம்) சேர்த்திருக்கிறேன். தமிழ்99 விசைப்பலகையும் நான் போட்ட எழுத்துருக்களும் போய்விடுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: புதிதாகப் போடுங்கள். ஆனால் 'மொத்தமாக அழித்துவிட்டு' என்பதை மட்டும் ஏற்காதீர்கள்.

முதலில், பதற வேண்டியதில்லை. 20.04க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டன என்றாலும், நீட்டித்த ஆதரவு தரும் உபுண்டு ப்ரோ திட்டத்தில் பதிந்துகொண்டால் சொந்த உபயோகத்துக்கு 5 கணினி வரை காசில்லாமல் 2030 வரை திருத்தங்கள் வரும். நிதானமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செய்யலாம்.

உங்களிடம் 22.04 இருந்து, வெளியிலிருந்து எதையும் பெரிதாகச் சேர்க்காமல் இருந்திருந்தால் மகன் சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன். அந்த ஒரு படி பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். உங்களுக்கோ இரண்டு படி. 20.04இலிருந்து நேராக 24.04க்குத் தாவ முடியாது, 22.04இல் ஏறி நின்றுதான் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிபிஏக்களை அப்கிரேடர் முடக்கிவிடும், அவற்றிலிருந்து வந்த மென்பொருள்கள் பழைய பதிப்பிலேயே தங்கிப் புதிய லைப்ரரிகளோடு ஒட்டாமல் முரண்டு பிடிக்கும். நடுவில் 22.04இல் ஃபயர்ஃபாக்ஸும் 24.04இல் தண்டர்பேர்டும் ஸ்னாப் என்ற வேறொரு பொதி வடிவத்துக்கு மாறிவிட்டன. இவ்வளவையும் தாண்டி வந்த பிறகு ஏதாவது மக்கர் செய்தால் கோளாறு எந்தப் படியில் நுழைந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

நீங்கள் காப்பாற்ற வேண்டியது உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் அடைவை. இயங்குதளத்தை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தி வைத்த மெய்ப்பு போனால் போனதுதான். டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து ஹோம் தனிப் பார்ட்டிஷனாக (வட்டின் தனிப் பகுதியாக) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நிறுவும்போது பார்ட்டிஷனைக் கையால் அமைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்யச் சொல்லி, ஹோம் பார்ட்டிஷனை ஹோமாகவே காட்டுங்கள், அதற்கு எதிரே ஃபார்மேட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. பயனர் பெயரும் பழையதே இருக்கட்டும். தனியாக இல்லையென்றால் ஹோம் முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள். எந்த வழியானாலும் நகல் கட்டாயம், எடுத்த நகலிலிருந்து நாலு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

நகலெடுக்கும்போது கோப்பு மேலாளரில் கண்ட்ரோலோடு ஹெச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைவு அடைவுகள் தெரியும். அவற்றை விட்டுவிட்டால் லிப்ரெஆஃபிஸில் நீங்கள் சேர்த்த சொற்கள், உலாவியின் புக்மார்க் எல்லாம் போய்விடும். ஹோமுக்குள் போட்ட எழுத்துருக்களும் அங்கேதான் இருக்கும். கணினி முழுமைக்கும் பொதுவான இடத்தில் போட்டிருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். தமிழ்99 போகாது, ஆனால் அந்தத் தட்டச்சு முறையைத் தரும் ஐபஸ் எம்17என் பொதியைத் திரும்ப நிறுவி, அமைப்புகளில் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

வெளி வட்டு ஃபேட்32 என்ற பழைய கோப்பு வடிவத்தில் இருந்தால் 4 ஜிபியைத் தொடும் கோப்பு அதில் ஏறாது, கோப்புகளின் அனுமதிகளும் நிற்காது. லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்தில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், வட்டில் வேறு எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு.

புதிதாகப் போட்ட பிறகு திரை ஏடாகூடமாக நடந்துகொண்டால், சோதனைக்கு இன்னொரு பயனரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் தவறு ஹோமில் கிடக்கும் பழைய அமைப்புகளில்தான், பெரும்பாலும் உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமுக்கான பழைய நீட்சிகளில்.

கேள்வி: 22.04இலிருந்து அப்கிரேட் பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது திரை வரவில்லை. எல்லாம் போச்சா?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கணினியைத் தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்டை அழுத்தி க்ரப் என்ற தொடக்கப் பட்டியலை வரவழைத்து, அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் ரிகவரி மோடுக்குப் போங்கள். உடைந்த பொதிகளைச் சரிசெய்யும் டிபேக்கேஜ் என்ற வரி அங்கே இருக்கும். பாதியில் நின்ற பொதிகளை அது முடித்துவைக்கும், பல நேரம் அதுவே போதும். போதவில்லையென்றால் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே இயங்குதளத்தை ஓட்டும் பென் டிரைவில்) தொடங்கிக் கோப்புகளை எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுங்கள். யுபிஎஸ் இல்லாத வீட்டில் இனி அப்கிரேடில் இறங்காதீர்கள்.

கேள்வி: 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினி. உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு அப்கிரேட் செய்ய வழி உண்டா?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். உங்கள் கணினிக்கு மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. முதலில் லைவ் யுஎஸ்பியிலேயே ஓட்டி வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், அதுவரை வட்டைத் தொட வேண்டாம்.