‘பார்டர்’தானே?

கேள்வி: நான் கிராமத்துக்காரன், உழைத்துச் சாப்பிடுகிறவன். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 112. ‘பார்டர்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரையெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் நகரத்துக்காரர்களுக்கு வருவதுதானே? எனக்கு எதற்குக் கவலை?

பதில்: நீங்கள் எந்த ஊர் என்று 112-க்குத் தெரியாதே!

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 126-ஐத் தொட்டால் நீரிழிவு. இடையில் நிற்பதற்குப் பெயர் முன் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் கொஞ்சம் தாராளம். 110-லிருந்துதான் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கிலும் நீங்கள் தப்பவில்லை.

நகரத்து வியாதி என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் லட்சம் பேருக்கு மேல் சோதித்து எடுத்த கணக்கு 2023-இல் வெளியானது. நீரிழிவு நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9. இதோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் முன் நீரிழிவு? இரண்டு பக்கமும் 15 சதவீதத்தை ஒட்டியேதான். அதாவது, நகரத்தில் வந்தவர்கள் வந்துவிட்டார்கள். கிராமத்தில் வரிசையில் நிற்கிறார்கள்.

உழைக்கிறேன் என்கிறீர்கள். எப்போதிலிருந்து எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நடந்த தூரத்தை வண்டி எடுத்துக்கொண்டது, குனிந்து செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. சாப்பாட்டு அளவை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றுங்கள், வயிற்றை எக்காமல்! நம் உடல்வாகுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 எல்லை. கழுத்தின் பின்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கருமை இருக்கிறதா? அது அழுக்காக இல்லாமல் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாகவும் இருக்கலாம். பெற்றோருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கூடிப்போகும் வயது எல்லாம் இதோடு சேரும்.

‘பார்டர்’ என்று சொல்லி அனுப்பியவர் மேல்தான் எனக்குக் கோபம். திரும்பி வர வழி இருக்கும் இடமே அதுதான். சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் இப்படிப்பட்ட 577 பேரை வைத்து ஆய்வு தொடங்கினார்கள். ஆறு வருடம் உணவையோ உடற்பயிற்சியையோ இரண்டையுமோ ஒழுங்குபடுத்தியவர்களுக்கு, முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, நீரிழிவு சுமார் நான்கு வருடம் தள்ளிப் போயிருந்தது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்பதுதான் இலக்கு. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 தான்.

அப்புறம், வெறும் வயிற்றுச் சோதனையோடு விடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள்; 140-க்கு மேல் போகிறவர்களில் பலருக்கு வெறும் வயிற்றில் ஒன்றும் தெரியாது. பிரசவ காலத்தில் உங்கள் மனைவிக்குச் சர்க்கரை ஏறியிருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.