என்டிஏ கனவோடு பிளஸ் ஒன் சேரும் மகள்: எந்த குரூப், எப்படித் தயாராவது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ராணுவ அதிகாரி ஆக வேண்டும், என்டிஏ-வில்தான் (தேசியப் பாதுகாப்பு அகாடமி) சேருவேன் என்கிறாள். எந்த குரூப் எடுக்க வேண்டும்? சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு வருடத்துக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? பெண் பிள்ளைக்கு இது சரிப்பட்டு வருமா?

பதில்: குரூப் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கிற ஃபர்ஸ்ட் குரூப்பில் சேருங்கள். நாலாவது பாடம் உயிரியலா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது உங்கள் பள்ளியில் எது கிடைக்கிறதோ அது. தரைப்படைக்கு எந்த குரூப் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இந்த மூன்று பாடங்களும் வேண்டும். அதுவும் போக, எழுத்துத் தேர்வில் கணக்குத் தாளுக்கு மட்டும் 300 மதிப்பெண். காமர்ஸ் எடுத்துவிட்டு அதைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் என்டிஏ தேர்வு எழுதலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் முதல் அணி உள்ளே போனது, 2025 மே மாதம் 17 பேர் புனே அருகே கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ஆக, வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் வாசல் குறுகலானது. சமீப அறிவிக்கைகளில் ஏறத்தாழ 400 இடங்கள் வருகின்றன; பெண்களுக்கு அதில் முப்பதுகூட இல்லை. சாதிவாரி இடஒதுக்கீடும் கிடையாது. மகளிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரிந்தே இறங்குகிற பிள்ளைதான் தாக்குப்பிடிக்கும்.

தேர்வை யுபிஎஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துகிறது, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும்போது எழுத முடியாது. பிளஸ் டூ படிக்கும்போது எழுதலாம். எனவே உங்கள் மகளுக்கு முதல் வாய்ப்பு பிளஸ் டூ செப்டம்பரில். அடுத்தது, மார்ச் பொதுத்தேர்வு முடிந்த கையோடு வருகிற ஏப்ரலில். அதற்கு மேலும் வயது இருக்கும்வரை எழுதலாம். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை.

இரண்டு தாள்கள். கணக்கில் 120 கேள்வி, 300 மதிப்பெண். பொதுத்திறன் தாளில் 150 கேள்வி, 600 மதிப்பெண். அதில் ஆங்கிலம் 200, மீதி 400 அறிவியல், வரலாறு, புவியியல், நடப்புச் செய்திகள். மொத்தம் 900. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் சமீப ஆண்டுகளில் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்களின் கட்-ஆஃப் 290 முதல் 360 வரைதான் இருந்திருக்கிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள்: கணக்கில் 0.83, மற்றதில் 1.33. தெரியாததைத் தொடாமல் விடுவதும் இங்கே ஒரு திறமை. பொதுத்தேர்வில் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம்.

கணக்குத் தாளின் பாடத்திட்டம் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களுக்கு வெளியே அதிகம் போவதில்லை. அணிகள், முக்கோணவியல், நுண்கணிதம், வெக்டர், நிகழ்தகவு, எல்லாம் பள்ளியில் வருவதுதான். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அசட்டையாக விட்டால் அடி அங்கேதான் விழும்.

தமிழ்வழிப் பிள்ளைக்கு உண்மையான தடை வேறு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. நம் மாநிலப் பாடநூல்களின் ஆங்கிலவழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளியில் இன்று நடந்த கணக்குப் பாடத்தை அன்று இரவே ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை படிக்கட்டும். பாடம் ஏற்கெனவே புரிந்திருப்பதால் ஆங்கிலம் மட்டும்தான் புதிது; இப்படியே இரண்டு வருடம் போனால் வினாத்தாள் அந்நியமாகத் தெரியாது. பழைய வினாத்தாள்களை யுபிஎஸ்சி தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். (புதுச்சேரி வாசகர்களுக்கு: அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டதால் இந்தச் சிக்கல் உங்களுக்குக் குறைவு.)

இனி, பெரும்பாலான பெற்றோர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத பகுதிக்கு வருகிறேன். எழுத்துத் தேர்வுக்கு 900 என்றால், எஸ்எஸ்பி (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்கும் 900. பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ் போன்ற ஊர்களில் ஐந்து நாள் தங்கவைத்துப் பார்ப்பார்கள். முதல் நாளிலேயே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேறியவர்களுக்கு மனோதத்துவத் தேர்வு: திரையில் ஒரு சொல், பதினைந்து விநாடியில் ஒரு வாக்கியம், இப்படி அறுபது சொல். படம் காட்டி நாலு நிமிடத்தில் கதை. பிறகு மைதானத்தில் பலகை, கயிறு, டிரம் கொடுத்து, குழுவாகத் தடை தாண்டச் சொல்வார்கள். கொடுக்கிற தலைப்பில் மூன்று நிமிடம் யோசித்து மூன்று நிமிடம் பேச வேண்டும்.

தனி நேர்காணலுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். என்ன விளையாட்டு, என்ன பொழுதுபோக்கு, என்ன பொறுப்பு வகித்தாய் என்று கேட்கும் படிவம். அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் குடைவார். "2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்ததே, நீ என்ன செய்தாய்?" என்று கேட்கலாம். "மக்களுக்கு உதவினேன்" என்றால், எத்தனை பேருக்கு, எங்கே, யார் சொல்லி, சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று அடுத்தடுத்துக் கேள்வி விழும். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வாள். "வீட்டில் தண்ணீர் புகுந்தது, தம்பியையும் பாட்டியையும் மாடிக்கு ஏற்றினேன்" என்று நடந்ததைச் சொன்னால் போதும். அது நல்ல பதில்.

அதனால்தான் லட்ச ரூபாய் வேண்டாம் என்கிறேன். மனப்பாடக் கதைகளை அங்கே சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் பிளஸ் ஒன்னில் ஒரு குழு விளையாட்டில் சேரட்டும், கபடியோ, வாலிபாலோ. பள்ளியில் என்சிசி இருந்தால் சேரட்டும். என்டிஏ-வில் அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது, ஆனாலும் முகாமில் முன்பின் தெரியாதவர்களோடு பத்து நாள் இருந்து பழகுவது பெரிய பாடம். பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துச் செய்யட்டும். வங்கிக்கு, இ-சேவை மையத்துக்கு அவளையே தனியாக அனுப்புங்கள். "பொம்பளப் புள்ளைய எப்படித் தனியா" என்று பாட்டி கேட்பார், சமாளித்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு, தேவைப்பட்டால் எஸ்எஸ்பி-க்குக் குறுகிய பயிற்சி பார்த்துக்கொள்ளலாம்.

உடல் தகுதி பற்றி ஒரு குழப்பம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அக்னிவீர் ஆள்சேர்ப்பில் ஓட்டப்பந்தயம் உண்டு. என்டிஏ தேர்வில் இல்லை. ஆனால் ஓடிப் பழகாத பிள்ளை எஸ்எஸ்பி மைதானத்திலேயே திணறும், பயிற்சிக்குப் போனால் இன்னும் திணறும். சில்வர் பீச்சில் காலையில் ஓடலாம். தளர்ந்த மணலில் வேண்டாம், கணுக்கால் பிசகும். ஈரம் இறுகிய ஓரத்தில் ஓடட்டும்.

கண்ணை மட்டும் இப்போதே பாருங்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. பார்வை அளவோடு, நிறக்குருடு சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். விமானி ஆக ஆசைப்பட்டு, நிறம் பிரித்தறிய முடியவில்லை என்பது கடைசியில் தெரிந்தால் இரண்டு வருட உழைப்பு போச்சு. கையில் பெயர் பச்சை குத்திக்கொள்வதும் இப்போதைக்கு வேண்டாம். அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

கிடைக்காவிட்டால்? பட்டம் முடித்து சிடிஎஸ் (பட்டதாரிகளுக்கான முப்படை அதிகாரித் தேர்வு) எழுதி, சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ-வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) போகலாம். 1992 முதல் அங்கே பெண்கள் பயிற்சி பெற்று அதிகாரிகளாகிறார்கள். கல்லூரியில் என்சிசி 'சி' சான்றிதழ் வாங்கினால் தனி வழியும் உண்டு. இதற்கெல்லாம் பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக இருந்தால்தான் நல்ல கல்லூரி. ஆக, பள்ளிப் படிப்பைக் கைவிட்டு என்டிஏ-வுக்கு மட்டும் தயாராக விடாதீர்கள்.

கடைசியாக ஒரு காகித வேலை. யுபிஎஸ்சி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும்தான் ஏற்கும். நம்மிடம் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு. அதில் உள்ளபடியே ஆதாரை மாற்றிவிடுங்கள், இந்த விடுமுறையிலேயே.