தலைவரின் குணம் வெளியுறவு முடிவுகளை மாற்றுமா?

நாட்டு நலனும் அதிகாரிகளும்தானே வெளியுறவைத் தீர்மானிக்கிறார்கள், தலைவரின் குணத்துக்கு அதில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது.

தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழர் எந்த நாட்டின் குடிமக்கள் என்ற சிக்கலைப் பாருங்கள். விரும்பி வருவோரைத் தவிர, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று நேரு கடைசிவரை உறுதியாக நின்றார். 1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானார். அக்டோபர் 30 அன்று, இதே டெல்லியில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-இல் இந்திரா அவர்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்.

சாஸ்திரி இணங்கிப்போகும் இயல்புடையவர், அக்கம்பக்கத்தோடு வழக்கைத் தீர்த்துக்கொள்ள நினைத்தவர். சிறிமாவோ பிடித்த பிடியை விடாதவர். 1962 சீனப் போருக்குப் பிறகு அண்டை நாடுகளின் நட்பு நமக்குத் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கடி நேருவுக்கும் இருந்தது, அவர் இறங்கி வரவில்லையே! குணம்தான் வித்தியாசம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மக்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. டெல்லி ஆர்.கே.புரத்தில் உள்ள மலை மந்திர் முருகன் கோயிலில் நான் அடிக்கடி சந்திக்கும் பெரியவர் இலங்கை மலையக ஊரான ஹட்டனில் பிறந்தவர். பத்து வயதில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினாராம். புறப்பட்ட காலையில் தோட்டத்து லயக் குடியிருப்பின் வாசலில் கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் உடைகிறது.