சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் விட்டமின் டியும்: நீங்கள் கேட்டவை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலிலும் செரிமான உறுப்புகளிலும் சுரப்புத் தடித்துப்போகும் ஒரு பரம்பரை நோய். போசாக்கு ஆலோசகராக வேலை செய்வதால் இந்த நோயுள்ள பிள்ளைகளின் வீட்டார் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தை அம்மா: அக்கா, கொழும்பில் அடிக்கிற வெயிலுக்கு மகனுக்கு எப்படி விட்டமின் டி குறைந்தது?

வெயில் அடிப்பது வேறு, தோலில் படுவது வேறு தங்கச்சி. ஸ்கூல் வேன், வகுப்பு, டியூஷன் என்று பிள்ளை நாள் முழுக்கக் கூரைக்குக் கீழேதான். அதைவிடப் பெரிய காரணம் வயிற்றில் இருக்கிறது. இந்த நோயில் பெரும்பாலானோருக்குச் சதையியின் (கணையத்தின்) குழாய்கள் தடித்த சுரப்பால் அடைபட்டு, கொழுப்பைச் செரிக்கும் நொதியம் குடலுக்கு வந்து சேராது. விட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்தே உடம்பில் ஏறுபவை, கொழுப்பு மலத்தோடு போனால் அவையும் போய்விடும். அதனால் டி மருந்தை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். முட்டையோ தேங்காய்ப்பால் சொதியோ உள்ள சாப்பாட்டோடு, அந்த நொதியம் உள்ள என்சைம் கப்சியூலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை அப்பா: மகளின் இரத்த ரிப்போர்ட்டில் விட்டமின் டி 18 என்று இருக்கிறது. குறைவா?

ஒரு மில்லிலீற்றருக்கு 18 நனோகிராம் என்றால் குறைவுதான் அண்ணா. அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பவுண்டேஷனின் 2012 வழிகாட்டல் குறைந்தது 30 வேண்டும் என்கிறது, மருந்தும் டி3 என்ற விட்டமின் டி வகையாக இருக்கட்டும் என்கிறது. நனோமோல் அலகில் வந்தால் அதே 30 தான் 75, குழம்பாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பாருங்கள்.

தெஹிவளை அக்கா: தம்பிக்கு 22 வயது. டி கூட்டினால் நுரையீரல் தேறுமா?

இதை நேராகச் சொல்ல வேண்டும். டி குறைந்தவர்களுக்கு நுரையீரலும் பலவீனமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன, கிருமியைக் கொல்லும் ஒரு புரதத்தை உடம்பு செய்ய டி உதவுவதும் உண்மை. ஆனால் நோய் கூடினவர் வீட்டுக்குள்ளேயே கிடப்பார், சாப்பாடும் குறையும், அதனாலேயே டி இறங்கலாம். எது முதலில் வந்தது என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம் இந்த நோயோடு நுரையீரல் தொற்று முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 91 பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு 2,50,000 அலகு டி3 ஒரே தடவையாகக் கொடுத்து, தொடர்ந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த தொற்று தள்ளிப்போகவில்லை, மூச்சின் அளவும் கூடவில்லை. எலும்புக்கு டி கட்டாயம் வேண்டும், தம்பிக்குக் கொடுங்கள். ஆனால் சளி எடுக்கிற பிசியோதெரபியையும் நெபுலைசரையும் அதை நம்பி ஒருநாளும் விடவேண்டாம்.

பம்பலப்பிட்டி தம்பி: பார்மசியில் 50,000 அலகு குளிசை கிடைக்கிறது, வாங்கிப் போடலாமா?

டொக்டர் எழுதாமல் வேண்டாம் தம்பி. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும், தாகமும் வாந்தியும் வரும், சிறுநீரகம் கெடும். ஏற்கனவே போட்டிருந்தால் எத்தனை, எந்தத் திகதியில் என்று எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இப்போதே வாந்தியோ கடும் தாகமோ இருந்தால் அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே போங்கள்.